எட்டுத் தறிகளை நிறுத்தியவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும் உறவுகளுக்கும்,

தலையில் அடிபட்ட பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று அவன் தானாக எழுந்து உட்கார்ந்து, ரசம் சாதத்தைக் கரண்டியால் அள்ளி வாயில் வைத்தான். பாதி சிந்தியது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பல்லடம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. முன்பெல்லாம் மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் இவன் விழித்துக்கொள்வான். தலையில் அடிபட்ட பிறகு அதே சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ளுவது மூளையின் வேலையாம். அடிபட்ட மூளையால் அது முடிவதில்லை, அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறது, மதியத் தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுகிறது. ஜன்னலில் பழைய போர்வைகளை மடித்துக் கட்டினோம். பக்கத்தில் போய்க் கேட்க வாய் வரவில்லை. அது அவர்கள் சோறு.

கேட்காமலே வந்தார் தறிக்கார மாமா. வாசலில் நின்றபடி, "அம்மிணி, பையன் மத்தியானம் எத்தனை மணிக்குப் படுப்பான்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒரு மணிக்குத் தறிகள் நின்றன. மூன்று மணி வரை ஓடவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

குடோனில் தறி ஓட்டும் அக்காதான் ஜன்னல் வழியே இவனைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னாராம். போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவர். ஓடாத தறிக்குக் கூலி ஏது? எட்டுத் தறி, நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். கணக்குப் போட்டால் 96 மணி நேர ஓட்டம். மாமாவும் கூலிக்கு நெய்பவர்தான்; நெய்யப் பாவு நூல் கொடுத்தவருக்குச் சொன்ன நாளில் துணி போக வேண்டும். ஒருவரும் ஒரு நாளும் இதைச் சொல்லிக்காட்டியதில்லை.

மூன்று மணிக்கும் எட்டும் ஒன்றாக ஓடுவதில்லை. எங்கள் சுவருக்குத் தள்ளி, கடைசி மூலையில் இருக்கும் தறி முதலில். கொஞ்சம் பொறுத்து அடுத்தது. சத்தம் மெல்ல ஏறும், பையன் பதறாமல் விழிப்பான். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தையல் ஆறி, முடியும் வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறான்?" என்கிறார்கள். உள்ளே ஆறாமல் இருப்பதைக் கண்டுகொண்டவர், பஞ்சுத் தூசிக்குள் நாளெல்லாம் நிற்கும் அந்த அக்கா.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கை கால்களைப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட், வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் சிறப்பு ஆசிரியை, படுக்கையில் கிடந்த நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இவனைத் திருப்பிப் படுக்கவைக்க என்னோடு கண்விழித்த நங்கையா, உதவித்தொகைச் சான்றுக்கு அலைந்த தம்பி, ஒவ்வொருவராக வந்து, இவன் பதில் சொல்லும்வரை பொறுமையாக இருக்கும் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

மாமா, அக்கா, இவன் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிய அன்றே நான் குடோனுக்கு வந்து சொல்லிவிடுவேன். அதற்குமேல் ஒரு நாள்கூட உங்கள் தறியை நிற்கவிட மாட்டேன். வரும்போது இவனையும் கூட்டிவருகிறேன். முதல் தறியை இவன் கையால் ஓட்டிவிடுங்கள்.