நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். எனக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, படி ஏற முடிகிறது.

ஆனால் கடைசிப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடம் உன்னோடு கூட்டாகத் தொழில் செய்தவர், திருவிருந்தில் உன் பக்கத்தில் நிற்பவர், அவர்மேல் வழக்குப் போட வக்கீலைப் பார்த்துவிட்டாய். உன் பணம் போனது உண்மை. உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விசுவாசி விசுவாசிமேல் வழக்குக்குப் போகக் கூடாது என்று, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி சபையார் உன் வாயை அடைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பார். சகோதரருக்குள் வந்த வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று பவுல் கேட்பது சபை முழுவதையும் பார்த்து. வெட்கம் உனக்கு மட்டும் இல்லை, அப்படி ஒருவரை உருவாக்காத எங்கள் எல்லோருக்கும்தான். நஷ்டத்தை ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது என்கிற ஏழாம் வசனத்தை உனக்கு வாசித்தவர்கள், எட்டாம் வசனத்தை அவருக்கு வாசித்தார்களா? சகோதரனுக்கே அநியாயமும் நஷ்டமும் செய்கிறீர்களே என்று அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத சமரசம் ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கிவிடும்.

எங்கள் சபையிலும் போன வருடம் இதே மாதிரி ஒன்று வந்தது. இரண்டு பேர் கூட்டாக நடத்திய அச்சகம், கணக்குத் தகராறு. போதகர் நடுவராக இருக்க மறுத்துவிட்டார். "நான் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் அப்புறம் என்னிடம் ஜெபிக்கச் சொல்லி வர மாட்டார்" என்றார். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத, கணக்கு வேலை தெரிந்த ஒரு மூப்பரை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். துணைக்கு நான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் மாலை அந்த மூப்பர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒருவர் தன் குறையைச் சொல்லி முடித்ததும், மற்றவரைப் பார்த்து, "அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் சொல்லுங்கள், அவர் ஆமாம் என்கிற வரைக்கும்" என்றார். முதல் தடவை, குறை சொன்னவர் இல்லை என்று தலையாட்டினார். இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, "பங்கை நான் விற்கப்போவதை வெளியாள் ஒருவர் வாயால் கேட்டதுதான் இவருக்கு வலி" என்று வந்தது. எதிரே இருந்தவர் மெதுவாக, "ஆமாம், அதுதான்" என்றார். அதற்குப் பிறகு கணக்குப் பார்க்க இரண்டு மாலைகள் போதுமானதாக இருந்தது.

தீர்மானத்தை எழுதி, தேதி போட்டு, சாட்சிகளோடு கையெழுத்து வாங்கினோம். எத்தனை தவணை, ஒரு தவணை தவறினால் யார் யாரிடம் பேச வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. ஒரு தவணை தவறவும் செய்தது. தாளில் எழுதியிருந்தபடி ஒரு போன் பேசியதோடு முடிந்தது. சகோதரர்கள்தானே, எழுத்து எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதே.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட ‘டிடாஸ்காலியா’ என்கிற சபை ஒழுங்கு நூல், வழக்குகளைத் திங்கட்கிழமை விசாரிக்கச் சொல்கிறது. யாராவது ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் சமாதானம் செய்ய நாள் இருக்குமே! ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகஸ்தீன் இப்படிப்பட்ட வழக்குகளைக் கேட்பதிலேயே எத்தனையோ நாட்களைச் செலவிட்டார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சபைக்குள் முடிக்கக் கூடாது. அடி, மிரட்டல், குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, இவை போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவை. பவுலே தன் உயிருக்கு ஆபத்து என்றபோது இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், அபயமிட்டு முறையிட்டார். பல வருடங்களுக்கு முன், புருஷனிடம் அடிவாங்கி வந்த ஒரு சகோதரியிடம் "பொறுத்துப்போ, வெளியே சொல்லாதே" என்று பெரியவர்கள் சொன்னபோது நானும் அந்த அறையில் பேசாமல் இருந்தேன். அந்த முகம் இன்றைக்கும் என்னை விடவில்லை. உன் விஷயம் அப்படிப்பட்டது இல்லை, பணமும் கணக்கும் மனக்கசப்பும்தான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வக்கீலிடம் ஒன்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்: வழக்குப் போடக் காலவரம்பு எப்போது முடிகிறது? பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய் உன் உரிமை பறிபோய்விடக் கூடாது. அப்புறம், மத்தேயு 18-ல் சொன்னபடி முதலில் நீ தனியாக அவரைப் போய்ப் பார். வாட்ஸ்அப்பில் எழுதாதே, நேரில் போ. அவர் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவராக நான் வரத் தயார். ஆனால் நான் உன் நண்பன் என்பது அவருக்குத் தெரியும். எனவே நடுவராக உட்கார மாட்டேன், சாட்சியாக மட்டும் வருவேன். நடுவரை அவரே சொல்லட்டும், நீ சம்மதித்தால் போதும்.

இந்த வாரம் நோட்டீஸை நிறுத்தி வை. அவரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுது. பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் எழுது.

உன் பழைய நண்பன்