‘ஜென்மப்பகை’ என்று எழுதிய ஊர்க்கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்க்கமிட்டித் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான நோட்டீசை டீக்கடைச் சுவரில் பார்த்தேன். ‘ஜென்மப்பகை கொண்ட இரு குடும்பங்கள்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அண்ணனும் தம்பியும் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பாகம் வைத்தபோது எல்லையில் அகப்பட்டது ஓர் அயினி மரம். அதன் சருகு யார் முற்றத்தில் விழுகிறது என்பதுதான் சண்டை. இரண்டு வருஷமாக ஒருவரோடொருவர் மிண்டாமல், பேசாமல் இருக்கிறார்கள், சரி. அதற்கு ஜென்மத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல்லைப் பிடித்துத் தொங்குகிற பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பகை’க்கு வேர் ‘பகு’. பகு என்றால் பிளவுபடு, பிரி. பகுதி, பகிர்வு எல்லாம் அதே குடும்பம். எல்லையில் களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் ‘பக’தான். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே, அது நம் காதுக்குப் புதிதல்ல. அந்த வேரில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒன்றாக இருந்தது இரண்டாக ஆவது மட்டும்தான்.

நம் கடலுக்குள் 133 அடி உயரத்தில் நிற்கிறவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ‘எட்பக வன்ன சிறுமைத்தே ஆயினும் உட்பகை உள்ளதாம் கேடு’ என்கிறார். எட்பகவு என்றால் எள்ளின் பிளவு. ஒரே வேரில் வந்த பகவையும் பகையையும் ஒரே குறளில் உட்கார வைத்துவிட்டார். இந்தக் குறள் என் கட்சிக்கு எதிராகவும் பேசும். சின்னது என்று விட்டுவிடாதே என்கிறதே. ஆனால் அவர் சொல்வது உள்ளே மறைத்து வைக்கிற பகையை. இவர்கள் இருவரும் எதையும் மறைப்பதில்லை, தெருவுக்கே கேட்கிறது. அதைப் பிணக்கு என்றால் போதும்.

இன்னொன்று. அதே ‘பகு’ தந்ததுதான் ‘பகல்’. நுகத்தடியின் நடுவில் அடிக்கிற ஆணிக்கும் அந்தக் காலத்தில் பகல் என்றே பெயர். ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை சொல்கிறது. கமிட்டி நிற்க வேண்டிய இடம் அந்த ஆணியின் இடம்.

நோட்டீசில் அந்த ‘ஜென்மப்பகை’ வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ‘எல்லைத் தகராறு’ என்று எழுதிவிடுங்கள். அப்புறம், தம்பி வீட்டுச் சின்னப் பிள்ளை இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறது. நான் டீக்கடையில் நின்றபோது அந்த வரியைத்தான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது.