களிப்பாறையைக் கடந்து போகாதே

அரியலூர்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை டேராடூனில் உன்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது, நம் வீட்டுக் கொல்லையில் கிடந்த கல் ஒன்று ஊர் சுற்றி உன் மேசைக்கு வந்து சேர்ந்தது போல மகிழ்ந்தேன். ஆனால், "மணற்கல் வரும்வரை களிப்பாறையை விரைந்து தாண்டிவிடுகிறேன், அதில் பார்க்க ஒன்றும் இல்லை" என்று நீ எழுதியிருந்த வரி இரண்டு நாள்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காரை கிராமத்துக்கு உன்னை முதலில் அழைத்துப் போனபோது உனக்குப் பதினொரு வயது. மழை அரித்து வாய்க்கால் வாய்க்காலாகக் கிடந்த அந்தப் பொட்டல் மேடுகளில், வெயிலில் மின்னிய ஜிப்சம் தகடுகளைப் பொறுக்கிக்கொண்டு, "அப்பா, கடல் வற்றி உப்புப் பூத்ததா?" என்று கேட்டாய். நான் ஆம் என்றேன். அது தவறான பதில். பல ஆண்டுகள் மாணவர்களிடமும் அதையே சொல்லிவந்தேன். அந்த ஜிப்சம் நரம்புகள் பல இடங்களில் படிவு அடுக்குகளைக் குறுக்கே வெட்டிச் செல்வதை நான் நின்று கவனித்திருந்தால், சேறு படிந்து இறுகிய பின்னர் விரிசல்களில் நீர் புகுந்து விட்டுச் சென்றவை அவை என்பது புரிந்திருக்கும். அதே களியில் பெலம்னைட்டும் அம்மோனைட்டும் கிடக்கின்றனவே! இரண்டும் திறந்த கடலில் நீந்திய உயிர்கள். வற்றிக்கொண்டிருக்கும் உப்பங்கழியில் அவை வாழ்ந்திருக்க முடியாது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் காரையில் இருந்தது, அலை அடி வரை எட்டாமல் நுண்சேறு மெல்ல மெல்ல இறங்கிப் படிந்த கடல்.

அக்காலத்தில் எல்லா இடமும் இப்படி இருக்கவில்லை. கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் இருப்பதால், அங்கே வெளிச்சம் அடிமட்டம் வரை இறங்கிய ஆழமற்ற கடல் இருந்தது என்று அறிகிறோம். 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன சாத்தனூர்க் கல்மரமோ, பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரத்தண்டு, கடற்படிவுக்குள் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் வகுத்த மூன்று பாறைத் தொகுதிகளையும் ஒரே நாளில் சைக்கிளில் கடந்துவிடலாம் என்பது நம் ஊருக்குக் கிடைத்த பேறு.

இப்போது உன் மேசைக்கு வருகிறேன். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது வடகிழக்கு–தென்மேற்காகப் பிளந்த நிலத்தில் மேடும் பள்ளமுமாக உருவானது காவிரிப் படுகை. சில பள்ளங்களில் படிவுகளின் தடிப்பு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். காரையில் நாம் மிதித்து நடந்த களிப்பாறைக்கு ஏறக்குறைய ஈடானது கிழக்கே நிலத்தடியில் சாத்தப்பாடி களிப்பாறை என்ற பெயரில் இருக்கிறது. அதற்கும் கீழே, பிளவின் தொடக்கக் காலப் பள்ளங்களை நிரப்பிய ஆண்டிமடம் படிவுகள். இவ்விரண்டின் களிகளையே இப்படுகையின் மூலப்பாறைகள் என்கிறோம். உயிர்வளி குறைந்த அடிநீரில் அழுகித் தீராமல் சேற்றோடு புதைந்த உயிர்ப்பொருள், ஏறத்தாழ அறுபது முதல் நூற்றிருபது பாகை செல்சியஸ் வெப்பத்தில் நெடுங்காலம் வெந்து எண்ணெயாகிறது. அதைவிடச் சூடேறினால் வாயுவாகப் போகிறது. காரை படுகையின் ஓரம். அந்த அளவு ஆழத்தில் புதையவில்லை. அதனால் அங்கே எண்ணெய் இல்லை, ஆனால் படிப்பதற்குக் கல் வெளியே கிடக்கிறது.

நீ கொண்டாடும் புவனகிரி, நன்னிலம் மணற்கற்களின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆயினும் அவை எண்ணெய் தேங்கும் பத்தாயம்தானே? நெல் விளைந்தது வேறு வயலில். அந்தப் பத்தாயத்துக்கு மூடியாக மேலே அமைவதும் பெரும்பாலும் களிப்பாறைதான். மாதானம் எண்ணெய்க் கிணறுகளில் இன்னும் வேடிக்கை: படிவே இல்லாத பழம்பாறையின் வெடிப்புகளில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. தேங்கும் இடம் எதுவாகவும் இருக்கலாம். சுரந்த இடம் களிதான். கீழே களி வேகவில்லை என்றால், எவ்வளவு நல்ல மணற்கல்லைத் துளைத்தாலும் உப்புநீர்தான் வரும்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கறுத்த துண்டை எடுக்கும்போது, அடுக்குகள் நூல் நூலாகக் கலையாமல் இருக்கின்றனவா அல்லது புழு துளைத்துக் குழம்பியிருக்கின்றனவா என்று பார். குழம்பியிருந்தால் அடியில் உயிர்வளி இருந்தது, உயிர்ப்பொருளின் பெரும்பகுதி தின்று தீர்க்கப்பட்டிருக்கும். கலையாமல் இருந்தால் அதைச் சோதனைக்கு அனுப்பு. உன்னிடம் உள்ள துண்டுகளில் எது எப்படி இருக்கிறது, எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று வரிசையாக எழுது; நான் என் பழைய காரைக் குறிப்பேட்டைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா