நீ சொன்னதுதான் சரி

மாப்ளே,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவாய், திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி தேவலாம், மற்றபடி எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மேஜிக் கார்டு ஆட்டத்தில் நீ சொன்னதுதான் சரி. என் ஏஞ்சல் கார்டு போயிருக்க வேண்டும்.

போன ஞாயிறு அக்கா மகன் இரண்டு கார்டுகளை நீட்டி, "மாமா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான். ஒன்று நீ அன்று இறக்கிய ஒப்லிவியன் ரிங், 2007-ல் வந்தது. மற்றது 2014-ல் வந்த பேனிஷிங் லைட். இரண்டையும் இறக்க மூன்று மானா, அதாவது ஆட்டத்தில் செலவழிக்கும் சக்தி, வேண்டும்; வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆமாம் என்று சொல்லப் போனவன், எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ரிங்கில் இரண்டு தனி வாக்கியம்: களத்துக்குள் வரும்போது குறிவைத்த கார்டை ஆட்டத்திலிருந்து விலக்கு, வெளியே போகும்போது திருப்பிக் கொடு. லைட்டில் ஒரே வாக்கியம்: இது வெளியே போகும் வரை விலக்கு. நம் சண்டை முழுக்க இந்தப் 'போது'வுக்கும் 'வரை'க்கும் நடுவில்தான் இருந்திருக்கிறது!

நீ ரிங்கை இறக்கி என் செர்ரா ஏஞ்சலைக் குறிவைத்தாய். அந்த 'விலக்கு' ஸ்டாக்கில், அதாவது நடக்க வேண்டியவை காத்திருக்கும் அடுக்கில், இருக்கும்போதே நான் டிஸென்சாண்ட் கார்டைப் போட்டு ரிங்கை உடைத்தேன். "ரிங்கே இல்லை, அப்புறம் எப்படி விலக்கும்?" என்று கத்தினேன். வாத்தியாரும் என் பக்கம். ஆனால் ஸ்டாக் என்பது அடுக்கி வைத்த தோசை மாதிரி, கடைசியில் விழுந்ததைத்தான் முதலில் எடுப்போம். ரிங் உடைந்ததும் 'திருப்பிக் கொடு' மேலே வந்து விழுகிறது. திருப்பித் தர இன்னும் எதுவுமே இல்லை, சும்மா முடிந்துபோகிறது. அடியில் கிடந்த 'விலக்கு' அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஏஞ்சல் போனது போனதுதான், திரும்பி வர வழியே கிடையாது. நீ இறக்கியது லைட்டாக இருந்திருந்தால் ஏஞ்சல் அசைந்தே இருக்காது.

1993-ல் ஆட்டம் வெளியாகும் முன்பே அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டுக்கு இந்த வார்த்தைத் தலைவலி இருந்திருக்கிறது. சோதனை ஆட்டத்தில் ஒரு கார்டில் 'எதிராளி அடுத்த டர்னை லூஸ் பண்ணுவார்' (அந்த முறை அவர் ஆட முடியாது என்று அர்த்தம்) என்று இருந்ததை, அடுத்த டர்னில் எதிராளி தோற்றே போவார் என்று ஒருவர் படித்துவிட்டாராம்.

அன்று நீ கார்டை என் மூக்குக்கு நேரே பிடித்து "படிடா, முழுசாப் படி" என்றாய். நான் படிக்கவில்லை. நீயும் அதற்குமேல் பேசாமல் கார்டுகளை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு எழுந்து போனாய். ஞாயிறு முழுக்க அதுதான் கண்ணில் நின்றது. மன்னித்துவிடு.

அந்த ஏஞ்சலையே உறையில் வைத்திருக்கிறேன், மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும். அது இனி உன்னுடையது. வாத்தியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வா, ரிங்கையும் எடுத்து வா.

உன்
ரூம்மேட்