வாஷிங்டன் யார் வீட்டுப் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற பெயரோடு இருப்பவர்கள் எல்லாம் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியின் வம்சாவளி என்று அதில் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளையே கிடையாது. இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வாஷிங்டன் என்பது ஊர்ப் பெயர். இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் பக்கத்து ஊர். 1180களில் ஹார்ட்பர்னில் நிலம் வைத்திருந்த வில்லியம் என்பவர், அதை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு இந்த ஊரை வாங்கிக்கொண்டார். அதுவரை ஹார்ட்பர்ன் வில்லியம். அப்புறம் வெசிங்டன் வில்லியம்; வாஷிங்டனை அன்று அப்படித்தான் சொன்னார்கள். நிலம் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. பிற்பாடு வேறு ஊர்களுக்குப் போன கிளைகள் அந்தப் பெயரைக் கையோடு கொண்டுபோயின. ஒரு கிளை லங்காஷயருக்குப் போனது. அதில் வந்த லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி நார்தாம்ப்டனில் மேயர் ஆனார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539இல் 324 பவுண்டு சொச்சம் கொடுத்து சல்கிரேவ் பண்ணையை வாங்கினார்.

மகள் இங்கிலாந்தில் படித்த காலத்தில் அந்தச் சல்கிரேவ் பண்ணை வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். முகப்பு வாசலின் மேல் மூலைகளில் குடும்பச் சின்னமாகச் சின்னச் சின்னக் கேடயங்கள் செதுக்கியிருக்கிறார்கள். மூன்று நட்சத்திரம், இரண்டு பட்டை, அவ்வளவுதான். அண்ணாந்து நின்று தேடினால்தான் கண்ணில் படும். அமெரிக்கத் தலைநகர் 1938இல் ஏற்றுக்கொண்ட கொடியில் இருப்பதும் இதே மூன்று நட்சத்திரமும் இரண்டு பட்டையும்தான். ஒரு கம்பளி வியாபாரியின் வாசலில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் குடும்பம் கடல் தாண்டியது கஷ்டத்தில்தான். எசெக்ஸில் பாதிரியாராக இருந்த இன்னொரு லாரன்ஸை, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643இல் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் மகன் ஜான் 1650களில் புகையிலை ஏற்ற வந்த கப்பலில் வர்ஜீனியா வந்து சேர்ந்தார். கப்பல் பொடோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கிக் கல்யாணமும் செய்துகொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ். லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வம்ச விவரம் கேட்டு எழுதியபோது, இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று 1792இல் ஜார்ஜே பதில் எழுதியிருக்கிறார்.

சரி, இன்று அந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது? 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்று இருந்தவர்கள் 1,63,036 பேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர். இவர்களின் முன்னோர் எல்லாரும் ஜார்ஜின் அடிமைகளாக இருந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. விடுதலை கிடைத்தபோது, பதிவேட்டில் எழுதக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பலர் தாங்களாகவே ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள்.

புக்கர் என்ற சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வந்தவன். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயராவது இருப்பது காதில் விழுகிறது. அவனுக்கோ ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் கேட்டதும் நிதானமாக "புக்கர் வாஷிங்டன்" என்கிறான். பிற்பாடு அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கல்லூரியைக் கட்டி எழுப்பியவர் தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருஷம் வருகைப் பதிவு எடுத்தவள் நான். அந்தப் பையன் தன் முறைக்காகக் காத்திருந்த நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் கனத்துப்போகிறது.

அவனுக்கு அந்தப் பெயர் ரத்தத்தில் வரவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். 'வம்சாவளி' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்