சனிக்கிழமை இரவும் கார் சாவியும்

திருவான்மியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் மகன் சனிக்கிழமை இரவுகளில் அலுவலக நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் காரில் போய்வருவதைச் சொல்லிவிட்டு, "பீர் மட்டும்தானாம், அதுவும் அளவோடுதானாம்" என்று நீயே சமாதானமும் எழுதியிருந்தாய். அந்தச் சமாதானம்தான் எனக்கு உறுத்துகிறது.

பீர் குடித்தால் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. சாதாரண பீரில் 5 சதவீதம்தான் ஆல்கஹால் என்றாலும், 650 மில்லி பாட்டில் ஒன்றைக் காலி செய்தால் ஏறக்குறைய 25 கிராம் உள்ளே போய்விடுகிறது. ஒரு லார்ஜ் விஸ்கியில் இருப்பதோ சுமார் 20 கிராம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். எழுபது கிலோ எடையுள்ளவன் வெறும் வயிற்றில் அந்த ஒரு பாட்டிலைக் குடித்தாலே வரம்பைத் தாண்டிவிடக்கூடும். பையன்கள் கேட்டு வாங்கும் ஸ்ட்ராங் பீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏறிய போதையும் மோர் குடிப்பதாலோ தலைக்குக் குளிப்பதாலோ இறங்குவதில்லை. கல்லீரல் தன் வேகத்தில், 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் குறைக்கிறது. ஆகவே நள்ளிரவில் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவன், விடிந்து காரை எடுக்கும்போதும் வரம்புக்கு மேலே இருக்கலாம்.

சென்ற மாதம் ஒரு திருமண வரவேற்பு முடிந்து நானும் மனைவியும் ஆட்டோவில் திரும்பும்போது, போலீஸ் தடுப்பு வைத்திருந்த இடத்தில் சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு காரில் ஐந்து இளைஞர்கள். ஓட்டியவன் வாய் நிறைய ஏலக்காயை மென்றுகொண்டிருந்தான். நுரையீரலிலிருந்து வரும் காற்றை அளக்கும் கருவிக்கு ஏலக்காய் மணத்தால் என்ன ஆகிவிடப்போகிறது? காவலர் புதுக் குழாயைச் செருகி, "விடாம ஊதுப்பா" என்று மூன்று முறை சொன்னார். அவன் கன்னத்தை உப்பினானே தவிர காற்றை விடவில்லை. கூட இருந்த நால்வரும் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோலக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த நால்வர் மேல்தான். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவன் ஓட்டும் வண்டியில் தெரிந்தே ஏறி வருபவர்களுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது, இது அநியாயம் என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. குடித்தவனிடமே "உன்னால் ஓட்ட முடியுமா?" என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வான், அந்தத் தைரியமும் பாட்டிலிலிருந்து வந்ததுதானே. சாவியைப் பிடுங்க வேண்டியது கூட இருப்பவர்களின் வேலை.

நாம் டி.வி.எஸ். 50-இல் இருவராகத் திரும்பிய காலத்தை நீ எடுத்துக்காட்டாதே. அந்த வண்டி போன வேகத்துக்கும், நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடக்கும் இந்தக் கடற்கரைச் சாலையில் இப்போது கார்கள் பறக்கிற வேகத்துக்கும் ஒப்பே இல்லை. மேலும், இங்கே சாலையோரம் நடந்து போகும் மீனவக் குடும்பங்களும், கடை மூடிவிட்டு சைக்கிளில் வீடு திரும்புபவர்களும் எந்தக் கொண்டாட்டத்திலும் கலந்துகொண்டவர்கள் அல்லர்.

குடிக்காதே என்று இருபத்தாறு வயதுப் பையனிடம் நீ சொன்னால், அடுத்த முறை உன்னிடம் சொல்லாமல் போவான். திரும்பி வருவது எப்படி என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யச் சொல். கார் வீட்டிலேயே நிற்கட்டும். இல்லையென்றால் ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசிக்கொள்ளட்டும். ஐந்து பேர் பங்கு போட்டால், அவர்கள் தின்னும் சைட் டிஷ் விலைகூட ஆளுக்கு வராது. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கூப்பிடும் நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய எண்ணை உன் மகனுக்கு இன்று காலையே அனுப்பிவிட்டேன். நான் அனுப்பியது உனக்குத் தெரியும் என்று அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்