விஷகடிப் பரிசாரிமாருக்கு ஒரு மடல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் பாம்புக்கடி முதலான விஷகடி பார்க்கும் நாட்டு வைத்தியர்களான பரிசாரிமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் வேற்றாள் அல்ல. என் அம்மப்பா கொக்கட்டிச்சோலைப் பக்கம் விஷகடி பார்த்தவர். அவருக்கு அம்மியில் பச்சிலை அரைத்துக் கொடுத்த இந்தக் கை, பிறகு அரச ஆஸ்பத்திரிகளில் ஊசி போட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அம்மப்பா கடிபட்டவரை முதலில் பார்க்கமாட்டார். செய்தி கொண்டுவந்த தூதனைத்தான் பார்ப்பார். எந்தத் திசை நோக்கி நின்றான், எந்தக் காலை ஊன்றினான், வாயிலிருந்து விழுந்த முதற்சொல் என்ன. குறி கூடாவிட்டால் வெற்றிலையைத் தொடாமல் உள்ளே போய்விடுவார். மறுநாள் அந்த வீட்டில் பறைமேளம் கேட்கும். “பரிசாரியார் அன்றே சொல்லிவிட்டார்” என்று ஊர் வியக்கும். குறி நல்லதென்றால் மருந்து கட்டுவார்; ஆள் எழுந்து நடப்பான். பிழைத்தவனும் அவர் புகழ் சொன்னான், செத்தவனின் வீடும் அவர் புகழே சொன்னது. தாதியான பிறகுதான் இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

கடிக்கிற பாம்பெல்லாம் விஷப் பாம்பல்ல. சாரை கடித்தாலும் பல் பதியும். புடையன் என்கிற கண்ணாடி விரியனோ நாகமோ கடித்தாலும் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. வெறுங்கடியாகப் போவதும் உண்டு. அப்படிக் கடிபட்டவன் நீங்கள் எதைக் கட்டினாலும் பிழைப்பான், ஒன்றும் கட்டாவிட்டாலும் பிழைப்பான். உங்கள் கைராசியில் பெரும்பங்கு இதுதான். கோபிக்காதீர்கள், அம்மப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உடம்புக்குள் விஷம் ஏறிய கடி வேறு. நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், வேளாண்மை வெட்டு நேரம், என் மச்சான் ஒருவர் வயல் வட்டையில் வைக்கோலுக்குள் கிடந்த புடையனை மிதித்துவிட்டார். பின்னேரம் 5 மணி இருக்கும். பரிசாரி ஒருவர் கடிவாயைப் பிளேட்டால் கீறி, பச்சிலை வைத்து, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கி, “விஷம் இறங்குகிறது” என்று சொல்லியே விடியும்வரை வைத்திருந்தார். பல் முரசில் இரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. நான் அன்று கடமையில் இருந்தேன். கீறிய இடம் இரவெல்லாம் கசிந்து, பச்சிலை கறுத்த களியாகிக் காலோடு ஒட்டியிருந்தது. 2 மில்லிலீற்றர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்போம். நல்ல இரத்தமென்றால் உறைந்துவிடும், குழாயைச் சரித்தாலும் ஓடாது. மச்சானுடையது சரித்ததும் சர்பத்துப் போல ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றிய பின் இரத்தம் உறையத் தொடங்கியது, சிறுநீரகம் மீளவில்லை. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக மண்முனைப் பாலத்தைக் கடக்கிறார்.

2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைதான் இருந்தது. அம்மப்பாவின் காலத்தில் அவரை விட்டால் சனத்துக்கும் போக்கிடமில்லை, குறி பார்ப்பதை விட்டால் அவருக்கும் வழியில்லை. இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் காசில்லை. மச்சான் கடிபட்ட இரவிலும் பாலம் அங்கேதான் இருந்தது.

விஷமுறிவு மருந்து ஏற்றினால் உடம்பு தடித்து மூச்சு முட்டும் என்று நீங்கள் சொல்வது பொய்யல்ல. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. ஒவ்வாமை வரும், சிலருக்குக் கடுமையாகவே வரும். அதனால்தான் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளை விட்டு விலகாமல் ஏற்றுகிறார்கள்.

கட்டுவிரியன் என்கிற எட்டடி விரியனைப் பற்றியும் சொல்லவேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நள்ளிரவில் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு கண்ணிமை சரியும். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பகிடி சொல்வார்களே, அதை உண்மையாகவே செய்வது இந்த எட்டடி விரியன்தான். இதைப் பேய்க்குணம் என்று நினைத்துத் தண்ணீர் ஓதிக் கொடுத்த வீடுகளை அறிவேன். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கில் விடும் நசியமும் அப்படித்தான். மூச்சுத் தசையும் தளர்ந்தால் சுவாச இயந்திரம்தான் வேண்டும்.

தொழிலை விடச் சொல்லவில்லை. சனம் உங்கள் சொல்லைத்தான் முதலில் கேட்கிறது, எங்கள் துண்டுப்பிரசுரத்தை அல்ல. கடிபட்டவரைப் படலைக்குக் கொண்டுவந்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து உடனே அனுப்புங்கள். கூடவே ஏறிப் போனால் இன்னும் நல்லது. உங்கள் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பயம் குறையும். வீட்டாருக்கு மந்திரம் வேண்டுமென்றால் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து சொல்லுங்கள். நான் கடமையில் இருந்த காலத்தில் யாரையும் எழுப்பி அனுப்பியதில்லை.

வேளாண்மை வெட்டுக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பரிசாரியாரின் பேத்தி, ஓய்வுபெற்ற தாதி